அரை அங்குல வாஷர்

குளியலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியது
தேசிகன் மொசாம்பிக்கிலிருந்து திரும்பிய
மூன்றாம் நாள்.
வாஷர்தான் என்று எனக்குத் தெரியும்.
அரை அங்குலம், கறுப்பு ரப்பர்,
மெரிபேங்க் ஹார்டுவேர் கடையில் நான்கு ரேண்ட்.
மார்ச்சில் சமையலறைக் குழாயை
நானே பிரித்துப் பூட்டியிருக்கிறேன்,
ஒரு கையில் போன் வெளிச்சம்,
பல்லுக்கிடையில் திருகாணி.
ஆனாலும் விட்டுவைத்தேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.
பள்ளிக்கூட மண்டபம். சின்னப் பிள்ளைகளின் நாற்காலி.
முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்:
மகனை ரிசர்வ் படைக்கு அனுப்பியவர்கள்,
புருஷனை அனுப்பியவர்கள்,
மனைவியை அனுப்பிவிட்டு
இரட்டைப் பிள்ளைகளுக்குத் தலைவாரக் கற்றுக்கொண்ட
மிஸ்டர் செலே.
நடத்துகிற நோம்புசோவும் ஒரு சார்ஜென்ட்;
வாரநாளில் பல் டாக்டரிடம் கணக்கெழுதுகிறாள்.
"வீட்டில் ஒரு வேலையை முடிக்காமல் வையுங்கள்.
அவர்கள் வருவதற்குள் வீடு மூடிக்கொண்டுவிடுகிறது,
கல் விழுந்த தண்ணீர் போல."
"எந்த வேலையை?" என்றார் செலே.
"உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையை."

முழுநேரச் சிப்பாய்க்குத் திரும்பிப்போக
ஒரு முகாம் உண்டு.
அதே இருட்டைப் பார்த்தவர்கள்
பக்கத்துக் கட்டிலில் உண்டு.
இவன் ஜேக்கப்ஸ் பெயின்ட் கிடங்கில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.
ஓட்டினவன்.
"உன் இடம் உனக்குத்தான்" என்றிருந்தார்கள்;
இப்போது இரவு ஷிப்ட் என்கிறார்கள்,
அதுவும் அடுத்த மாதம்.
தோளில் பையோடு டாக்ஸியிலிருந்து இறங்கினான்,
ஞாயிற்றுக்கிழமை,
தெருவே கோழிக்கு வரிசையில் நின்றபோது.

மின்வெட்டு வந்தால்
கதவோரம் சுவரோடு சுவராக நிற்கிறான்.
அப்பா ஒளிந்து விளையாடுகிறார் என்று
கெரீஷா தேடிப்போய்த் தொட்டாள்.
அவன் கை உயர்ந்தது.
இறங்கியது.
விளக்கு வரும்வரை யாரும் பேசவில்லை.

நான் மட்டும் ஒழுங்கா?
கார்ச் சாவியை அவன் எடுத்தபோது
"எதற்கு?" என்றேன்,
அவன் வாங்கிய கார்.
ஒன்பது மாதம் இந்த வீட்டுக்கு
நான்தான் அதிகாரி.
என்னையும் யாராவது
பணியிலிருந்து விடுவிக்க வேண்டும்,
கையெழுத்துப் போட்டு,
உட்காரவைத்து ஒரு தேநீர் கொடுத்து.

ஆறு இரவு சொட்டியது.
அவன் விழித்திருப்பது எனக்குத் தெரியும்.
நான் விழித்திருப்பது அவனுக்கும்.
இது உதவியா, இல்லை
உதவி என்று பெயர் வைத்த பொய்யா என்று
புரண்டு படுத்தேன்.

ஏழாம் இரவு, இரண்டு மணி, எழுந்தான்.
வழக்கம்போல கேட், ஜன்னல், மறுபடி கேட்
என்றுதான் நினைத்தேன்.
சமையலறையில் இழுப்பறைகள் திறந்தன.
"சலோ, ஸ்பேனர் எங்கே?"
"மாவு டப்பாவுக்குப் பின்னால்."
"அங்கே ஏன்?"
"அங்கேதான் என் கை எட்டும்."
சிரித்தானா, இருமினானா, தெரியவில்லை.

நான் வெளிச்சம் பிடித்தேன்.
மரை கோணலாக ஏறுவது
எனக்குத் தெரிந்தது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
பிறகு கடிக்க முடியாமல்
"கொஞ்சம் இடப்பக்கம்" என்றேன்.
திருப்பினான்.

இன்னும் ஒழுகத்தான் செய்கிறது, முன்பைவிடக் குறைவாக.
கீழே கெரீஷாவின் மஞ்சள் வாளி.

இந்த வியாழன் அவனும் வந்தான்,
மண்டபத்துக்குள் இல்லை.
வெளியே காரில், கண்ணாடியை இறக்கிவிட்டு,
ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்து.
மிஸ்டர் செலே எழுந்துபோய்
ஜன்னலில் குனிந்து சிகரெட் கேட்டார்.
செலே புகைப்பதில்லை.